இரண்டு படைகளுக்கும் ஒரே தளபதி

எங்கள் தந்தையார் வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் பிரிவில் படுத்திருக்கிறார். ஃபிஸ்டுலா உள்ள இடக்கையை அந்நேரம் முழுவதும் அசைக்கலாகாது. எஞ்சிய வலக்கையால் அவர் இரண்டு படைகளை நடத்துகிறார். ஒன்று தளபதி லீயினுடையது, மற்றது தளபதி மீடினுடையது. துணைக்கு ஆளில்லாத முதியவர் தமக்குத் தாமே விளையாடிக்கொள்கிறார் என்று பார்ப்பவர் சிலர் இரங்குகின்றனர். தொடக்கத்தில் நாங்களும் இரங்கினோம். அவ்விரக்கம் நோயாளிக்குத் தீங்கு செய்யக்கூடியது என்பதே எங்கள் இன்றைய கருத்து.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863 ஜூலை 1 முதல் 3 வரை கெட்டிஸ்பர்க்கில் நடந்த சண்டையை, அவலான் ஹில் நிறுவனம் 1958-இல் பலகை விளையாட்டாக வெளியிட்டது. அதன் பழைய பெட்டி ஒன்றை அண்ணன் வாங்கி வந்தார். பலகை படுக்கை மேசையில் அடங்கவில்லை. வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற தந்தையார், சார்ட் அட்டையில் அதைச் சிறிதாக வரைந்து, காலி மருந்துப் பெட்டிகளை வெட்டிப் படைப்பிரிவுகள் செய்துகொண்டார். மருந்துப் பெட்டிகளுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை.

ஒருவரே இரு தரப்பையும் ஆடினால் அதில் போட்டி ஏது என்று கேட்கலாம். போர் தொடங்கும் நாளில் வடக்குப் படையின் பெரும்பகுதி இன்னும் வழியில் இருக்கிறது. ஆகவே லீ விரைந்து தாக்கியாக வேண்டும்; மீடின் படையோ குன்றுகளைப் பற்றிக்கொண்டு, வரவேண்டியவர்கள் வரும்வரை பொறுத்தாக வேண்டும். அரை மணிக்கொருமுறை ஒரே மனம் அவசரத்திலிருந்து பொறுமைக்கு மாறவேண்டியிருக்கிறது. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தரப்பின்மீது தந்தையாருக்குச் சிறிதும் மதிப்பில்லை. ஆயினும் லீயின் முறை வரும்போது, லீக்கு எது நன்மையோ அதையே செய்கிறார். அதில் கள்ளம் புகுந்தால் ஆட்டம் அத்துடன் முடிந்தது.

ஒரு தரப்பின் திட்டம் மறுதரப்புக்கு முன்பே தெரிந்துவிடும் என்பது மெய்யான இடர். கையிலுள்ள சீட்டுகளை மறைத்து ஆடும் விளையாட்டுகள் இதனால்தான் தனியாட்டத்திற்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. தந்தையார் இரண்டு மூன்று வழிகளை ஒரு தாளில் எழுதி எண்ணிட்டு, எதைப் பின்பற்றுவது என்பதைப் பகடைக்கு விட்டுவிடுகிறார். இவ்வாறு தனியே ஆடுவது அவருடைய தனி வழக்கமும் அன்று. தனியாட்டத்திற்கு எவ்வளவு ஏற்றது என்ற மதிப்பீட்டை அவலான் ஹில் நிறுவனமே பிற்காலத்தில் பெட்டிகளின்மேல் அச்சிட்டது.

எங்கள் பிழையையும் சொல்லிவிடுகிறோம். அவர் தனியே ஆடுவதைக் காணப் பொறாமல், ஒருநாள் நாங்கள் மீடாக அமர்ந்தோம். ஊசி குத்திய வலியில் இருந்தவர் வெல்லட்டும் என்று ஒரு குன்றை வேண்டுமென்றே காவலின்றி விட்டோம். அவர் அதைப் பார்த்தார். சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டார். "போனது சிறுநீரகந்தான் அம்மா, புத்தி போகவில்லை" என்றார். இரண்டு வாரம் அப்பெட்டி திறக்கப்படவில்லை.

எவ்வளவு நீர் அருந்துவது, எவ்வளவு உப்பு உண்பது, எத்தனை மணிக்குப் படுக்கையில் ஏறுவது என அவருடைய வாழ்வின் பெரும்பகுதியைப் பிறரே முடிவு செய்கின்றனர். அம்முடிவுகள் தேவையானவை, அவற்றைக் குறைகூறவில்லை. ஆனால் அட்டைமேல் மட்டும் அவரே முடிவெடுக்கிறார். தவறினால் விளைவையும் அவரே ஏற்கிறார். அதையும் நாங்கள் பறித்துவிட்டோம். தனியாட்டத்தில் மற்றொரு வசதியும் உண்டு. இரத்த அழுத்தம் இறங்கினாலோ, காலில் தசைப்பிடிப்பு வந்தாலோ உடனே நிறுத்திவிடலாம். முறைக்காகக் காத்திருப்பவர் எதிரே இல்லை. சில்லுகள் நின்ற இடங்களைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டால் அடுத்த முறை தொடரலாம்.

நண்பர் ஒருவர் ஸ்டெஃபான் ஸ்வைக் எழுதிய சதுரங்கக் குறுநாவலைச் சொல்லி எச்சரித்தார். அதில் தனிச்சிறையிலிருக்கும் ஒருவர் மனத்துக்குள்ளேயே இரு தரப்பையும் ஆடி, மனம் பிளந்து போகிறார். அச்சத்திற்கு இடமுண்டுதான். உறக்கம் கெட்டாலோ, தோற்ற தரப்புக்காகச் சினம் மூண்டாலோ பெட்டியை மூடிவைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் அக்கதைமாந்தருக்குப் பேச ஒருவரும் இல்லை. தந்தையாருக்கோ, எந்தப் பிரிவு ஏன் பின்வாங்கியது என்று அடுத்த படுக்கைக்காரருக்கு விளக்கவே நேரம் போதவில்லை.

அயல்நாட்டுப் போர் எதற்கு என்போர் ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். மூன்று புலிகளுக்கும் பதினைந்து ஆடுகளுக்கும் இயல்பும் வேறு, வெற்றியும் வேறு. ஆகவே ஒருவரே இரண்டையும் ஆடுவதற்கு நன்கு ஏற்றது. கட்டத்தை ஒரு தாளில் வரைந்துகொள்ளலாம்.

உடனிருப்போரிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. உணவுத் தட்டு வைப்பதற்காகச் சில்லுகளை ஒதுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். அழைத்தால் மட்டும் எதிரே அமருங்கள். அமர்ந்தால் வெல்வதற்கே ஆடுங்கள். கீழே விழுந்த சில்லை அவரால் குனிந்து எடுக்க இயலாது. அதை எடுத்துக் கொடுங்கள். சென்ற முறை மீடின் பீரங்கிப் பிரிவு ஒன்று கட்டிலடியில் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. அன்று லீ வென்றார். தந்தையார் அந்த வெற்றியைக் கணக்கில் சேர்க்க மறுத்துவிட்டார்.