எம்ஆர்ஐ-யில் லைவாகப் பார்த்தே இதய வால்வு மாற்ற முடியுமா? சிக்கல் எங்கே இருக்கிறது?

சேலம், நாமக்கல் பக்கம் 70 வயதைத் தாண்டியவருக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கினால், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவது வழக்கம். ஆனால், சுருங்கிப்போன இதய வால்வும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

மார்பைத் திறக்காமல் வால்வை மாற்றும் சிகிச்சை இப்போது இந்தியாவிலேயே இருக்கிறது. அதை எக்ஸ்ரே இல்லாமல், எம்ஆர்ஐ லைவ் படத்தைப் பார்த்தே செய்ய முடியுமா என்றும் ஆய்வுகள் நடந்துள்ளன.

வால்வில் என்ன பிரச்சனை?

கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு, ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்க விடாது. இதயத்தில் இருந்து உடலுக்கு ரத்தம் போகும் வாசலில் உள்ள அயோர்டிக் வால்வும் அப்படித்தான். வயதாக ஆக அதில் கால்சியம் படிந்து இறுகினால், முழுதாகத் திறக்காது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் வரும்.

சுருக்கம் தீவிரமாகி அறிகுறிகளும் வந்த பிறகு வால்வை மாற்றாமல் விட்டால், ஏறக்குறைய பாதிப் பேர் 2 ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள். மாத்திரையால் இதைச் சரிசெய்ய முடியாது.

'டாவி' என்றால் என்ன?

பெரும்பாலும் தொடை ரத்தக்குழாய் வழியாக கதீட்டரை அனுப்பி, மடக்கிய புது வால்வை பழைய வால்வுக்குள்ளேயே விரிப்பதுதான் டாவி. 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் டாக்டர் அலைன் கிரிபியே முதன்முதலில் இதை மனிதருக்குச் செய்தார். குஜராத்தின் மெரில் நிறுவனம் தயாரித்த 'மைவால்' வால்வுக்கு 2018-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது.

எம்ஆர்ஐ எதற்கு?

டாவியின்போது டாக்டர்கள் பார்ப்பது எக்ஸ்ரே படம். அதில் கம்பி தெரியும், சதை சரியாகத் தெரியாது. அதனால் அயோடின் கலந்த 'டை' செலுத்துகிறார்கள். சர்க்கரை நோயால் கிட்னி பலவீனமானவர்களுக்கு இது ஆபத்தாகலாம். எம்ஆர்ஐ-யில் கதிர்வீச்சு இல்லை. இதயச் சுவரும் ரத்த ஓட்டமும் நேரடியாகவே தெரியும்.

2004-ல் ஜெர்மனியிலும், 2006-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்திலும் ஆய்வாளர்கள் இப்படிப் பன்றிகளுக்கு வால்வு பொருத்திக் காட்டினார்கள்.

அப்புறம் ஏன் வரவில்லை?

காரணம், கம்பி. எம்ஆர்ஐ-யின் காந்தம் இரும்பை இழுக்கும். அதன் ரேடியோ அலையில் நீளமான உலோகக் கம்பி ஆன்டெனா மாதிரி வேலை செய்து சூடேறும். ரத்தக்குழாய்க்குள் கம்பி சுட்டால் என்ன ஆகும்?

2019-ல் அதே அமெரிக்க நிறுவனம், 1.5 டெஸ்லா மெஷினின் காந்த சக்தியை 0.55 டெஸ்லாவாகக் குறைத்துப் பார்த்தது. சூடு வெகுவாகக் குறைந்தது. உலோகக் கம்பியைப் பயன்படுத்தியே சில நோயாளிகளுக்கு இதய கதீட்டர் பரிசோதனையும் செய்யப்பட்டது. ஆனால் அது பரிசோதனைதான், வால்வு மாற்றம் அல்ல. வழக்கமான டாவி இன்றும் எக்ஸ்ரேயை நம்பித்தான் நடக்கிறது.

இப்போது என்ன செய்யலாம்?

படியேறும்போது மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்தாலோ முதலில் தேவை எக்கோ பரிசோதனை. இதற்கு சென்னைக்கோ கோவைக்கோ ஓட வேண்டியதில்லை. சேலம், நாமக்கல்லிலேயே செய்துகொள்ளலாம்.

டாவி தேவை என்று சொன்னால், கிரியாட்டினின் அளவை முதலிலேயே டாக்டரிடம் காட்டுங்கள். கிட்னி பலவீனம் என்றால், "டை போட்டு எடுக்கும் சிடி-க்குப் பதிலாக, டை இல்லாத எம்ஆர்ஐ-யில் வால்வை அளக்க முடியுமா?" என்று கேளுங்கள். சிகிச்சையின்போது எம்ஆர்ஐ கைகொடுக்க நாளாகலாம். சிகிச்சைக்கு முன்பு அது இன்றைக்கே உதவும்.