ரயிலில் வந்த தண்ணீர்! வாஷரில் போகும் தண்ணீர்!

2019-ம் ஆண்டு ஜூலை மாதம் 12-ந் தேதி. ஜோலார்பேட்டையில் இருந்து புறப்பட்ட ஒரு ரயில், சென்னை வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் பயணிகள் இல்லை. மூட்டை முடிச்சுகள் இல்லை. 50 வேகன்களிலும் தண்ணீர்! மொத்தம் 25 லட்சம் லிட்டர்.

அந்தக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு போயின. தாய்மார்கள் குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு லாரிக்காகக் காத்து நின்றார்கள். குடிக்கும் தண்ணீரை ரயிலில் ஏற்றிக் கொண்டு வரவேண்டிய நிலை, தலைநகருக்கே வந்தது.

ஒரு ரயில் தண்ணீர் என்றால் மலைப்பாக இருக்கிறது. அவ்வளவு தண்ணீரையும் சத்தம் இல்லாமல் சாக்கடைக்கு அனுப்ப முடியுமா? முடியும். வீட்டுக் குழாய்கள் ஒழுகினால் போதும்!

இதோ கணக்கு

ஒழுகும் குழாய்க்கு அடியில் ஒரு பாத்திரத்தை வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். அரை லிட்டர் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு மணிக்கு அரை லிட்டர். ஒரு நாளைக்கு 12 லிட்டர். ஓர் ஆண்டுக்கு 4,380 லிட்டர்!

இப்படி 2 லட்சம் வீடுகளில், வீட்டுக்கு ஒரே ஒரு குழாய் ஒழுகினால் என்ன ஆகும்? ஒரே நாளில் 24 லட்சம் லிட்டர் போய்விடும். அதாவது, ஏறக்குறைய ஒரு ரயில் தண்ணீர்!

இதற்குப் பெரும்பாலும் காரணம், குழாயின் உள்ளே தேய்ந்துபோன ஒரு சின்ன வாஷர். சில ரூபாயில் கிடைக்கும் பொருள். அதை மாற்றுவதற்கு ஒரு பிளம்பர் வேண்டும். "ஒரு வாஷருக்காக யார் வருவார்?" என்று வீட்டுக்காரர் விட்டுவிடுகிறார். "ஒரு வாஷருக்காக அவ்வளவு தூரம் போவதா?" என்று பிளம்பரும் நினைக்கிறார். இருவருக்கும் நடுவில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

கடைசிப் பத்து கஜம்

வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவர அரசாங்கங்கள் கோடி கோடியாகச் செலவு செய்கின்றன. அணை கட்டுகிறார்கள். கடல் நீரைக் குடிநீர் ஆக்குகிறார்கள். பூமிக்கு அடியில் பெரிய குழாய்களைப் பதிக்கிறார்கள்.

2019-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி, கிராம வீடுகள் எல்லாவற்றுக்கும் குழாய்த் தண்ணீர் கொடுக்கும் திட்டத்தை மத்திய அரசாங்கம் அறிவித்தது. அதுதான் ஜல் ஜீவன் திட்டம். அது தொடங்கியபொழுது, நாட்டில் 3 கோடியே 23 லட்சம் கிராம வீடுகளில்தான் குழாய் இருந்தது. பிறகு அந்த எண்ணிக்கை 15 கோடியைத் தாண்டிவிட்டது.

கோடிக்கணக்கான புதுக் குழாய்கள்! நல்ல செய்திதான். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தக் குழாய்கள் நாளைக்குப் பழுதானால் யார் சரி செய்வது?

தெருக் குழாயில் இருந்து இணைப்பு எடுக்க அனுமதி வேண்டும்; கட்டணம் உண்டு; அதிகாரிகள் உண்டு. தண்ணீர் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், அந்தக் கடைசிப் பத்து கஜத்தை யாரும் பார்ப்பது அரிது. அங்கே அணைக்கட்டு எஞ்சினீயரும் பிளம்பர்தான், அதிகாரியும் பிளம்பர்தான். அவர் செய்கிற வேலையோ சுவருக்குள் மறைந்துவிடுகிறது.

ஆகவே, பிளம்பரை அமர்த்துவது சில்லறை விஷயம் அல்ல. வாசல் வரை வந்த தண்ணீர் வாய் வரை சுத்தமாக வருமா, வீணாகுமா என்பதை அவர் கைதான் முடிவு செய்கிறது.

பிளம்பர்களின் ஊர்

ஒடிசா மாநிலத்தில் கேந்திரபாடா என்று ஒரு மாவட்டம். அங்கே பட்டாமுண்டை என்று ஓர் ஊர். இந்தியாவின் பெரிய நகரங்களில் எங்கே பெரிய கட்டடம் எழுந்தாலும், அந்த வட்டாரத்துப் பிளம்பர்களைப் பார்க்கலாம். வளைகுடா நாடுகளுக்கும் அவர்கள் போகிறார்கள்.

நாடு விடுதலை அடைவதற்கு முன்பே, அந்தப் பகுதி இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் பிழைக்கப் போனார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகளில் குழாய் வேலை கற்றுக்கொண்டார்கள். அண்ணன் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தான். மாமன் மருமகனை அழைத்துப் போனான். ஒரு தொழில், ஒரு மாவட்டத்துக்கே சோறு போட ஆரம்பித்தது. இப்பொழுது பட்டாமுண்டையில் இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்க அரசாங்கப் பயிற்சி நிலையமே இருக்கிறது.

நம் ஊர்களில் நிலைமை என்ன? தொழிற்பயிற்சி நிலையங்களில் பிளம்பர் வேலைக்கு ஓராண்டுப் படிப்பு உண்டு. ஆனால் பலர் படித்து வருவது இல்லை. ஒரு மேஸ்திரிக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போய், பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். நல்ல மேஸ்திரி வாய்த்தால் நல்ல தொழிலாளி. இல்லாவிட்டால், ஒருவர் செய்த தவறே அடுத்தவருக்கும் பாடம் ஆகிவிடுகிறது!

கிராமத்துக் குழாய்களைப் பராமரிக்க, உள்ளூர் ஆட்களுக்கே குழாய் வேலை, மோட்டார் வேலை, மின்சார வேலை கற்றுக்கொடுக்கும் "நல் ஜல் மித்ரா" என்ற திட்டத்தை மத்திய அரசாங்கம் கொண்டுவந்தது. யோசனை நல்லது. குழாய் பெருகும் வேகத்தில் தேர்ந்த கைகளும் பெருகவேண்டும். இல்லாவிட்டால், போட்ட பணம் பள்ளத்தில் ஓடும்.

கூலியைக் குறைத்தால்?

வீட்டுக்காரர்களிடமும் குறை இருக்கிறது. பளபளப்பான குழாய்க்குக் கடையில் ஆயிரக்கணக்கில் கொடுப்பார்கள். அதைப் பொருத்துகிறவரின் கூலியில் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுவார்கள்! கூலியைக் கசக்கினால், அவசரமாக வேலையை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடத்தான் பார்ப்பார்.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. பி.வி.சி. குழாயை "சொல்யூஷன்" தடவி ஒட்டுகிறார்கள். அது இறுகுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். "சமைக்கவேண்டும், உடனே தண்ணீரைத் திறந்துவிடுங்கள்" என்று வீட்டில் அவசரப்படுத்துகிறார்கள். அவர் திறந்துவிடுகிறார். ஆறு மாதம் கழித்து, சுவரில் ஈரம் படர்கிறது. அப்பொழுது திட்டு வாங்குவது பிளம்பர்!

வேலைக்கு முன் கேட்க வேண்டியவை

வேலை ஆரம்பிக்கும் முன்பே, பொருள் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எழுதத் தெரியாதவர் என்றால், அவர் சொல்லச் சொல்ல வீட்டுப் பிள்ளைகள் எழுதட்டும். பின்னால் சண்டை வராது.

குழாய் வாங்கும்பொழுது அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கவேண்டும். முத்திரையோடு ஓர் எண்ணும் இருக்கும்.

குடிதண்ணீருக்கான பி.வி.சி. குழாய் என்றால் ஐ.எஸ். 4985.

வெந்நீருக்கும் தாங்கும் சி.பி.வி.சி. குழாய் என்றால் ஐ.எஸ். 15778.

கழிவுநீர், மழைநீர்க் குழாய் என்றால் ஐ.எஸ். 13592.

கழிவுநீருக்கு உள்ள குழாயில் குடிதண்ணீரை விடக்கூடாது. கீசரில் இருந்து வரும் வெந்நீருக்குச் சாதாரண பி.வி.சி. குழாயைப் போடக்கூடாது, சூட்டில் இளகிவிடும். முத்திரை இல்லாத மலிவுக் குழாயில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பி.வி.சி. தயாரிக்கும்பொழுது ஈயம் கலந்த பொருளைச் சேர்ப்பது உண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே, இதைக் கட்டுப்படுத்த மத்திய அரசாங்கம் 2021-ம் ஆண்டில் தனி விதிகளை வெளியிட்டது. விதி இருந்தால் போதுமா? வாங்குகிறவர் பார்த்து வாங்கவேண்டும்.

சுவரை மூடும் முன்

எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். குழாயைச் சுவருக்குள் பதித்த உடனே பூசிவிடாதீர்கள்.

"அண்ணே, பூசுவதற்கு முன்னால் தண்ணீர் ஏற்றிப் பார்த்துவிடலாமா?" என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார். எல்லா வாய்களையும் அடைத்துவிட்டு, கையால் இயக்கும் சிறு பம்பினால் தண்ணீரை அழுத்தி ஏற்றுவார்கள். அதில் உள்ள முள் இறங்காமல் நின்றால் குழாய் உறுதி. முள் இறங்கினால், எங்கோ கசிவு இருக்கிறது. இப்பொழுது கண்டுபிடித்தால் ஒரு மணி நேர வேலை. பூசி, ஓடு பதித்த பிறகு கண்டுபிடித்தால் சுவரை உடைக்கவேண்டும்!

பூசும் முன், செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கும்பொழுது குழாயில் அடிக்காமல் இருக்க அது உதவும்.

ஒவ்வொரு குளியல் அறைக்கும் தனித் தனியாக அடைக்கும் வால்வு வைக்கச் சொல்லுங்கள். ஒரு குழாய் பழுதானால் வீட்டுத் தண்ணீர் முழுவதையும் நிறுத்தவேண்டியது இல்லை.

கழிப்பறையில் கரையும் தண்ணீர்

பழைய பிளஷ் தொட்டிகள் ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் கொட்டும். இப்பொழுது இரண்டு பொத்தான் வைத்த தொட்டி கிடைக்கிறது. பெரிய பொத்தானுக்கு 6 லிட்டர், சின்னப் பொத்தானுக்கு 3 லிட்டர் என்று வைத்திருக்கிறார்கள்.

நான்கு பேர் உள்ள குடும்பம். ஆளுக்கு ஐந்து தடவை என்றால், நாளைக்கு 20 தடவை. பழைய தொட்டியில் 200 லிட்டர் போகும். புதிய தொட்டியில், 4 தடவை பெரிய பொத்தானும் 16 தடவை சின்னப் பொத்தானும் அழுத்தினால் 72 லிட்டர்தான். தினம் 128 லிட்டர் மிச்சம்!

தொட்டி கசிகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் சொட்டு நீலத்தை விடுங்கள். அரை மணி நேரம் யாரும் பொத்தானை அழுத்த வேண்டாம். பீங்கானில் நீலம் இறங்கினால், தொட்டி கசிகிறது என்று அர்த்தம்.

2024-ம் ஆண்டு மார்ச் மாதம் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபொழுது, குழாய் வாயில் திருகும் "ஏரேட்டர்" என்ற சிறு வலையை ஓட்டல்கள், கடைகள், அடுக்குமாடிகள் முதலிய இடங்களில் கட்டாயம் ஆக்கினார்கள். அது தண்ணீரோடு காற்றைக் கலந்து விடும். கை கழுவக் குறைந்த தண்ணீரே போதும். பஞ்சம் வந்த பிறகு உத்தரவு போட்டுச் செய்ததை, பஞ்சம் வரும் முன்பே வீட்டில் செய்யலாமே!

உயிருக்கு விலை உண்டா?

கழிப்பறை அடைத்துக்கொண்டால், பிளம்பரையோ துப்புரவுத் தொழிலாளியையோ கூப்பிட்டு, "தொட்டியில் இறங்கிப் பாருங்கள்" என்று சொல்லும் கொடுமை இன்னும் சில இடங்களில் நடக்கிறது. கழிவுத் தொட்டியில் விஷவாயு தேங்கி இருக்கும். இறங்கியவர் சில நொடிகளில் மயங்கி விழுவார். அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். இப்படிப் பல குடும்பங்கள் தலைவனை இழந்திருக்கின்றன.

பாதுகாப்பு இல்லாமல் மனிதனை இப்படி இறக்குவதை, 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். இயந்திரத்தோடு வரும் லாரியைத்தான் அழைக்கவேண்டும். "நானே இறங்குகிறேன்" என்று அவரே சொன்னாலும் விடக்கூடாது.

வீட்டுக்கு வருகிற பிளம்பரும் ஒரு குடும்பத்தின் தலைவர். அவருக்கு நியாயமான கூலியைக் கொடுங்கள். வேலைக்கு வேண்டிய நேரத்தைக் கொடுங்கள். முடித்த வேலையை நின்று பார்த்து வாங்குங்கள். ஒழுகும் குழாய் இருந்தால், அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடாமல் இந்த வாரமே அவரைக் கூப்பிடுங்கள்.

மழை பெய்வது நம் கையில் இல்லை. வாஷரை மாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது!