முன்புறம் முழுவதும் திறக்கும் வண்டி

நம் நாட்டில் மோட்டார் கார் என்றால் மூன்று பெயர்களே வழங்கிய காலம் ஒன்று இருந்தது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் பியட், சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. புது வண்டி வேண்டுவோர் முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மகளின் புதுநன்மைக்குப் பதிவு செய்தால் அவள் திருமணத்துக்கு வண்டி வந்துவிடும் என்று எங்கள் பங்கில் வேடிக்கையாகச் சொல்வார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பின்னரே இந்நிலை மாறத் தொடங்கிற்று. இளைய வாசகர்களுக்கு இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இல்லையேல் பழைய வண்டி ஒன்றின்மீது ஒரு குடும்பம் வைத்த பாசம் அவர்களுக்கு விளங்காது.

எங்கள் வீட்டுக்கு வந்தது ஹெரால்டு. தூத்துக்குடியில் உப்புக் கிடங்கு ஒன்றில் கணக்கராயிருந்த என் தந்தையார் கார் வாங்கும் வசதி படைத்தவரல்லர். 1973ஆம் ஆண்டின் இறுதியில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையை ஒட்டிப் பெட்ரோல் விலை ஏறியபோது, முதலாளி தம் இரு வண்டிகளுள் பழையதை விற்க முற்பட்டார். மாதச் சம்பளத்தில் பிடித்தம் என்னும் ஏற்பாட்டில் அது எங்கள் வாசலில் வந்து நின்றது. அன்னையார் மூன்று நாள் தந்தையாரோடு பேசவில்லை. மணமுடிக்க இரு பெண்மக்கள் இருந்த வீட்டில் அது நியாயமான கோபமே.

பங்குத்தந்தை வந்து வண்டியை மந்திரித்தார். புனித கிறிஸ்டோபரின் பதக்கம் ஒன்றும் முன்பலகையில் ஏறிற்று. 1969இல் திருவழிபாட்டு நாள்காட்டி திருத்தப்பட்டபோது அவர் விழா பொது நாள்காட்டியிலிருந்து நீங்கியதை வைத்து, “அவர் புனிதரே அல்லராமே” என்று பக்கத்து வீட்டார் ஐயம் கிளப்பினர். நாள்காட்டியிலிருந்து நீங்குவது வேறு, புனிதர் நிலையிலிருந்து நீங்குவது வேறு என்று பங்குத்தந்தை விளக்கிய பிறகே பதக்கம் நிலைபெற்றது.

என்னைக் கார்ப் பித்தனாக்கியது அந்த வண்டியின் முன்புறம். மற்றக் கார்களில் பானெட் என்பது வெறும் மூடி. தலையை உள்ளே விட்டு எட்டிப் பார்க்க வேண்டும். ஹெரால்டிலோ மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்து முன்பகுதி முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். எஞ்சினும் முன்சக்கரங்களும் வெட்டவெளியில் நிற்கும். இத்தாலியச் சிற்பி மிக்கெலொட்டி வரைந்த வடிவம் அது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் முன்டயர்மேல் அமர்ந்துகொண்டு மெக்கானிக் பாய் செய்வதையெல்லாம் பார்க்கலாம். வேறெந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்கு அவ்வளவு வசதியான இருக்கை கிடைத்ததில்லை!

எங்கள் ஊர்க் கடற்காற்று வண்டிக்குப் பகை. மார்கழி விடியலில் ஈரம் படிந்தால், பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் டிஸ்டிரிபியூட்டர் மூடியின்மேலேயே கசிந்து வீணாகும்; எஞ்சின் உறுமும், பற்றாது. மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். திருப்பலிக்கு முதல் மணி அடிக்குமுன் இதைச் செய்து முடிப்பது என் பொறுப்பாயிற்று. 948 சி.சி. கொண்ட சிற்றெஞ்சின்தான். ஆயினும் இருபத்தைந்து அடி அகலத்துக்குள் வட்டமடித்துத் திரும்பிவிடும் அதன் திறமையைப் பெரிய கார்களில் நான் கண்டதில்லை. கடற்கரைச் சந்துகளில் அதன் அருமை தெரிந்தது.

அந்தச் சந்துகளுக்குள் நுழையக்கூடிய கார் எங்களுடையது ஒன்றே என்பது விரைவில் ஊரறிந்த செய்தியாயிற்று. “அண்ணாச்சி, வண்டி கிடைக்குமா?” என்ற குரல் பெரும்பாலும் நள்ளிரவில்தான் வரும். பேறுகால வேதனையில் இருக்கும் பெண்ணாகவோ, மூச்சு முட்டும் முதியவராகவோ இருக்கும். தந்தையார் இல்லையென்று சொன்னதில்லை. மாதக் கடைசியில் பெட்ரோலுக்குப் பணமில்லாமல் வீட்டில் சண்டை நடந்ததுண்டு. “ஊருக்கு உழைக்கும் வண்டிக்கு ஊரார் எண்ணெய் ஊற்றட்டுமே” என்பார் அன்னையார். கணக்கரான தந்தையாரோ ஒவ்வொரு பயணத்தையும் ஒரு நோட்டில் செலவுப் பத்தியில் எழுதுவார். எதிரே வரவுப் பத்தியில், “ஆண் குழந்தை, சுகம்” என்றோ, “வழியிலேயே இறைவனடி சேர்ந்தார்” என்றோ இருக்கும்.

1981இல் மூத்த தமக்கையின் திருமணம் வந்தது. வண்டி விற்கப்பட்டது. வாங்கியவர் முன்புறத்தைத் திறக்கத் தெரியாமல் திகைத்தபோது, நான்தான் திறந்து காட்டினேன்.

பின்னாளில் சொந்தமாக வண்டிகள் வைத்திருந்தேன். ஒன்றும் என்னை அப்படி ஆட்கொள்ளவில்லை. பழைய கார்களின் கண்காட்சி எங்கு நடந்தாலும் போய் நிற்கிறேன். பொருள்மீது இத்தனை பற்று ஆகுமா என்ற உறுத்தல் அவ்வப்போது எழும். 2013 ஜூலையில், குருவோ அருள்சகோதரியோ புத்தம்புது மாடல் காரில் செல்வதைக் காண வேதனையாயிருக்கிறது என்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் சொன்னதைப் படித்தபோது, பொதுநிலையினனாகிய எனக்கும் அது சுருக்கென்றது. அதே ஆண்டு செப்டம்பரில் இத்தாலியக் குரு ஒருவர் தம் பணிக்கு ஓட்டிய 1984ஆம் ஆண்டு ரெனோ 4 காரை அளிக்க, அவர் மகிழ்ந்து ஏற்றார். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி அது! அன்றிரவு நன்றாக உறங்கினேன்.

தந்தையாரின் நோட்டு, கடைசிவரை அன்னையாரின் செபப் புத்தகத்தோடு ஒரே பையில் இருந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது. ஏழாண்டுக் கணக்கு. வரவுப் பத்தியில் எங்கும் ரூபாய்க் குறி இல்லை.