சுரங்கத்தில் கரி, சுவடியில் கனல்!

யுகயுகமாய் மண்ணுக்குள் உறங்கிய பழுப்பு நிலக்கரி 1961இல் நெய்வேலிச் சுரங்கத்திலே முகம் காட்டிற்று. 1962இல் மின்னாற்றலாய் மாறிற்று. புதைந்து கிடந்தவரை இருள். வெட்டி எடுத்தபின் வெளிச்சம்! தோழர்களே, சிந்தனைக்கும் இதுவே விதி. சான்று வேண்டுமா? அரபு உலகைப் பாருங்கள்.

1126இல் குர்துபாவில் பிறந்தவர் இப்னு ருஷ்து. அரிஸ்டாட்டிலுக்கு உரை கண்ட அறிஞர். மார்க்கச் சட்டம் தேர்ந்த நீதிபதி. அறிவு காணும் உண்மையும் மறை கூறும் உண்மையும் மோதா என்பது அவர் வாதம். கிடைத்த பரிசு? 1195இல் நாடு கடத்தல்! நூல்களுக்கு நெருப்பு! ஏடு எரிந்தது, எண்ணம் எரிந்ததா? இல்லை! எழுநூறு ஆண்டுகள் கழித்து, 1903இல், எகிப்திலே வாழ்ந்த ஃபரா அந்தூன் அவரைப் பற்றி நூல் எழுதினார். ஆட்சி வேறு, மதம் வேறு என்று முழங்கினார். இஸ்லாம் அறிவுக்குப் பகையன்று என மறுத்தெழுதினார் சீர்திருத்த அறிஞர் முகம்மது அப்துகு. முரண்பட்டனர் இருவரும், அந்த முரண்பாட்டிலே புத்துயிர் பெற்றார் பழைய மேதை!

நெய்வேலிக்கு அருகே வடலூர். அங்கும் அதே வழக்கு! 1867இல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. உண்ண வருவோரிடம் அங்கே சாதி கேட்பதில்லை. 1873இல் மேட்டுக்குப்பத்துப் பேருரையிலே, வேத ஆகம புராணங்களில் மனம் வைக்க வேண்டாம் என்றார் அவர். பெரியார் இயக்கத்தார் அவர் பாடல்களைத் திரட்டி நூலாக்கிப் பரப்பினர். 2023இலோ, அதே வடலூரில், அவரைச் சனாதனத்தின் சுடர் என்றார் தமிழக ஆளுநர் ரவி! வருணத்தையும் ஆசிரமத்தையும் பிள்ளை விளையாட்டென ஒதுக்கியவரா சனாதனச் சுடர்?

நமக்கும் ஓர் எச்சரிக்கை. வள்ளலார் கடவுளை மறுத்தவரல்லர். இப்னு ருஷ்தும் அல்லர். அவர்களை நாத்திகராக்கிக் காட்டினால், திரிப்பவர்க்கும் நமக்கும் வேறுபாடு ஏது? உள்ளபடியே சொல்வோம். அறிவுக்குப் பூட்டு வேண்டாம் என்றார் ஒருவர். பசிக்குச் சாதி இல்லை என்றார் மற்றவர். மதச்சார்பற்ற அரசுக்கு அந்த அடித்தளம் போதாதா?

ஆகவே தோழர்களே, வள்ளலாருக்கு மாலை சூட்டுவதோடு மன நிறைவு கொள்ளாதீர்! ஆறாம் திருமுறையைப் படியுங்கள், படிப்பகந்தோறும் விவாதியுங்கள். கரியைக் கும்பிட்டால் விளக்கு எரியுமா? வெட்டி எடுப்போம்! விளக்கேற்றுவோம்!