அடிக்கும் கைக்கு ஒரு மாத்திரை

சம்பள நாளின் இரவில் நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களின் சில லயங்களில் என்ன நடக்கும் என்பதை மலையக வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஓர் அறையில் விழும் அடி அந்த வரிசை முழுவதும் கேட்கும். காலையில் தோட்டத் தலைவர் சமரசம் செய்து வைப்பார்; அடுத்த சம்பளம் வரை அமைதி. (இது தோட்டங்களுக்கு மட்டும் உரிய நோய் என்று கொழும்பு நண்பர்கள் எண்ண வேண்டாம். இலங்கையில் ஐந்து பெண்களில் ஒருவர் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்று 2019 ஆம் ஆண்டின் அரச ஆய்வு கூறியது. மாடி வீடுகளில் சுவர் தடிப்பு, அவ்வளவுதான்.)

இத்தகைய ஆண்களுக்கு மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால் என்ன? கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பேராசிரியர் டோனி பட்லரின் குழுவினர் இதைப் பல ஆண்டுகள் சோதித்து, முடிவுகளை 2025 இல் வெளியிட்டார்கள். வன்முறைக் குற்றங்களுக்காகத் திரும்பத் திரும்பத் தண்டிக்கப்பட்ட, முன்கோபமும் அவசரமும் மிக்க 630 ஆண்கள் தாமாக முன்வந்து அதில் பங்கேற்றனர். ஒரு பாதியினருக்குச் செர்ட்ரலின். மறு பாதியினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. மூளையில் செரடோனின் குறைந்தால் கோபத்துக்கும் கைக்கும் இடையிலுள்ள கடிவாளம் தளர்கிறது என்ற பழைய கருதுகோளே இதன் அடிப்படை.

பொதுவான வன்முறைக் குற்றங்களில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வீட்டு வன்முறையில் இருந்தது. 24 மாதங்களில் போலி மாத்திரை பெற்றவர்களில் ஏறத்தாழ 36 சதவீதத்தினர் மீண்டும் அக்குற்றம் புரிந்தனர். மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ 28 சதவீதத்தினர். அற்புதம் என்று சொல்ல முடியாது. மருந்து உண்டவர்களிலும் நான்கில் ஒருவருக்கு மேல் மீண்டும் அடித்திருக்கிறார். ஆயினும் நூறு வீடுகளில் ஏழெட்டு வீடுகள் தப்பின என்பதை அலட்சியம் செய்ய எனக்கு மனமில்லை.

நம் நாட்டில் இதற்குச் சட்டத்தில் இடமுண்டு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் பாதுகாப்புக் கட்டளை வழங்கும்போது, அடித்தவரை உளச் சிகிச்சைக்குச் செல்லுமாறும் பணிக்கலாம். ஆனால் மாத்திரையைக் கட்டளையாக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. விரும்பி உண்டவர்களிடம் கண்ட பயனை, விலங்கிட்டு ஊட்டப்படுபவர்களிடம் எதிர்பார்ப்பது அறிவுடைமையாகாது. இளைஞர் விடயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். 15 முதல் 24 வயது வரையானவர்கள் இவ்வகை மருந்துகளை உண்ணும் காலத்தில் வன்முறைக் குற்றங்கள் கூடுதலாகப் பதிவானதைச் சுவீடனில் 2015 இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. மருந்துதான் காரணம் என அது நிறுவவில்லை.

என்னை உண்மையில் உறுத்துவது வேறொன்று. அவுஸ்திரேலியச் சோதனையில் மாத்திரையோடு மருத்துவரும் தாதியரும் இருந்தார்கள். தொடர்ந்து விசாரித்தார்கள், நெருக்கடியில் உதவினார்கள். இங்கே அந்த வேலை யார் தலையில் விழும்? அவர் மனைவியின் தலையில்தான். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து, அடுப்பு மூட்டி, அடித்தவருக்கு மாத்திரையையும் தண்ணீரையும் அவரே நீட்ட வேண்டும். "என்னை அங்கொடைப் பைத்தியம் என்கிறாயா?" என்ற கேள்விக்கும் அடிக்கும் ஈடுகொடுக்க வேண்டியவர் அவர். சாராயத்துடன் கலந்தாலும், திடீரென நிறுத்தினாலும் வரும் சிக்கல்களைக் காண்பவரும் அவரே. போதாததற்கு, "அவன் மருந்து குடிக்கிறான் அல்லவா, முறைப்பாட்டை மீளப்பெறு" என்று தலைவர்மார் சொல்லவும் ஒரு வசதி கிடைத்துவிடும்.

ஆகவே மலையகத்தில் இதை முயன்று பார்க்கட்டும் என்றே சொல்வேன். பாதுகாப்புக் கட்டளைக்குப் பதிலாக அல்ல, அது கையில் கிடைத்த பிறகு. மாத்திரையை எண்ணிக் கொடுப்பவர் தோட்ட வைத்திய நிலையத்தைச் சேர்ந்தவராக இருக்கட்டும். மாதம் ஒருமுறை மனைவியைத் தனியே அழைத்து, கணவரோ தலைவரோ பக்கத்தில் இல்லாமல், "இந்த மாதம் எப்படி இருந்தது?" என்று தமிழில் கேட்க ஒரு தாதி வேண்டும். அந்தத் தாதிக்கான சம்பளத்தை ஒதுக்குவது தோட்டக் கம்பனியா, சுகாதார அமைச்சா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.