கடல் மூங்கிற் காட்டில் ஒரு கப்பல்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குத் தெற்கே அட்லாண்டிக் கடலடியில் ஒரு காடு உண்டு. 'கடல் மூங்கில்' எனும் பெரும்பாசி அது. வேரில்லை, பாறையைக் கவ்வும் பிடிப்பு மட்டுமே. காற்றடைத்த தண்டு நீர்மட்டம்வரை நிமிர்ந்து நிற்கும். கோடையில் தென்கிழக்குக் காற்று மேல்நீரைத் தள்ள, ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகிறது. வெயில் காயும் நாளில் நீர் சில்லிடும் விந்தையைப் பாருங்கள்!

1909 ஆகஸ்டில், நியூசிலாந்து நோக்கிச் சென்ற 'மாவோரி' கப்பல் இங்கே பாறையில் மோதியது. 32 பேர் மாண்டனர். இரும்புக் குழாய்களும் பீங்கான் தட்டுகளும் பாசியினூடே சிதறின. மூச்சுக்கருவியுடன் இறங்கியோர் தட்டுகளை நினைவுப்பொருளாக அள்ளிச் சென்றனர். மாண்டவர் கப்பலில் அவ்வாறு பொறுக்குவது எனக்கு ஒப்பவில்லை. 60 ஆண்டு கடந்த கப்பற்சிதைவுகளிலிருந்து அனுமதியின்றி எதையும் எடுக்கலாகாதென அந்நாட்டின் 1999ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இன்று இறங்குவோர் பார்த்துவிட்டு வெறுங்கையுடன் மேலேற வேண்டும்.