ஒரு மணி நேரம்!



தோற்றுவிட்டோமே என்று சோர்ந்து, கொடியைத் தோளினின்றும் இறக்கிவிட எண்ணும் நேரம் எந்த இயக்கத்துக்கும் வருவதுண்டு. அந்நேரத்திலே நினைவிற் கொள்ளத்தக்க ஊர் ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. சாக்சனி மாநிலத்தில், பிளைசே ஆற்றங்கரையில் அமைந்த கிரிமிட்சாவ் என்னும் சிறு நகரம்.

நூற்பதும் நெய்வதும் அவ்வூரின் தொழில். ஆலைகள் பெருகின, ஆலையதிபர்தம் செல்வமும் பெருகிற்று. பெருகாதது உழைப்போரின் வாழ்வுதான்! நாளொன்றுக்கு 11 மணி நேர வேலை. ஆடவர் மட்டுமா? பெண்டிரும் பெருந்தொகையினர். தறியின் முன் நின்று களைத்த தாய், வீடு திரும்பி அடுப்பின் முன் நின்றாள். பெற்ற பிள்ளையைக் கொஞ்சவும் அவளுக்குப் பொழுதில்லை.

அவர்கள் கேட்டதென்ன? ஆலையையா? அரசையா? ஒரே ஒரு மணி நேரம்! 11ஐப் 10 ஆக்குக, அந்த ஒரு மணி எமக்கும் எம் குடும்பத்துக்கும் உரியதாகட்டும் என்றனர். கூலியில் நூற்றுக்குப் பத்து உயர்வும் கேட்டனர்.

1903 ஆகஸ்டில் போராட்டம் மூண்டது. ஆலைக் கதவுகள் அடைபட்டன. ஏறத்தாழ 8,000 தொழிலாளர் களத்தில் நின்றனர். கூட்டங்களுக்குத் தடை, கிறிஸ்துமஸ் விழாவைக் கூடிக் கொண்டாடவும் தடை! ஜெர்மனியெங்குமிருந்து உழைப்பாளர் நிதி அனுப்பினர். பிற ஊர் முதலாளிகளோ, தம் இனத்தாரைத் தாங்கப் பணத்தைக் கொட்டினர். ஐந்து மாதம் கழிந்து, 1904 ஜனவரியில், கேட்டது கிடைக்காமலே தொழிலாளர் ஆலைக்குத் திரும்பினர்.

தோல்விதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அத்துடன் கதை முடிந்ததா? 1908இல் இயற்றிய சட்டத்தின்படி, 1910 முதல் ஆலைப் பெண்டிருக்கு நாளொன்றுக்கு 10 மணிக்கு மேல் வேலை கூடாதென்றாயிற்று. 1918 நவம்பர்ப் புரட்சியை அடுத்து 8 மணி நேர வேலைநாளே வந்தது!

இன்னொன்றையும் மறவாதீர். முதலாளிகளும் பாடம் படித்தனர். அதே 1904இல் நாடு தழுவிய முதலாளிகள் அமைப்புகளைக் கண்டனர். நாம் ஓய்ந்திருக்கும் நாளில் அவர்கள் ஓய்வதில்லை.

1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் அவ்வூர்த் துணித்தொழில் நலிந்தது. பழைய ஆலை ஒன்று இன்று அருங்காட்சியகம். ஆலையின் இரைச்சல் அடங்கிவிட்டது. ஆனால் அந்தத் தாய் கேட்ட ஒரு மணி நேரம், அவளை அறியாத கோடி வீடுகளிலே வாழ்கிறது.

தோழரே! இன்று நாம் கேட்பது இன்றே கிடைக்காமற் போகலாம். கேளாமலிருந்தால் என்றுமே கிடைக்காது!